செத்த மாட்டுக்கு எதற்கு டாக்டர்?

3 ஜூன் 2024, இரவு 9.15. கேள்வி: அல்சூரிலிருந்து ஒரு அப்பா

என் மகள் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் பி.வி.எஸ்ஸி. முடித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்துவிட்டாள். நாய், பூனைக்குக் கிளினிக் வைப்பாள் என்று இந்திராநகரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். இப்போது எம்.வி.எஸ்ஸி. பேத்தாலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பேத்தாலஜி என்றால் செத்த மாட்டை அறுத்துப் பார்ப்பதாம். அவள் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உயிரோடு இருக்கிற மாட்டுக்கே டாக்டர் கிடைக்காத நாட்டில் செத்த மாட்டுக்கு எதற்கு டாக்டர்? இதில் வேலை, சம்பளம், மரியாதை ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 11.40. பதில்: ஒரு கால்நடை பேத்தாலஜிஸ்ட்

முப்பது வருடமாக எனக்கு அந்த வேலைதான். செத்த மாட்டுக்கு டாக்டர் தேவையில்லை சார், ஒப்புக்கொள்கிறேன். அது செத்த கொட்டகையில் இன்னும் பத்து மாடு நிற்குமே, அதுகளுக்குத் தேவை. தூக்கம் வருகிறது. நாளை எழுதுகிறேன்.

4 ஜூன், காலை 6.30

ஊர் தருமபுரிப் பக்கம். 1986-ல் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரி தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எம்.வி.எஸ்ஸி. சென்னையில், வேப்பேரியில். பேத்தாலஜியை விரும்பித்தான் எடுத்தேன். 1994-ல் கல்யாணமாகி பெங்களூர் வந்தாயிற்று. அன்றிலிருந்து ஆர்.டி. நகர், கங்காநகர் என்று ஹெப்பாளைச் சுற்றியே வாடகை வீடுகள்.

ஹெப்பாள் என்றால் இன்று எல்லோருக்கும் மேம்பாலமும் நெரிசலும்தான். எங்கள் ஆட்களுக்கு அது மாட்டு ஊர். மைசூர் சமஸ்தானத்தின் சீரம் நிலையம் 1925-ல் வந்தது. மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய்க்கு (ரிண்டர்பெஸ்ட்) மருந்து செய்யத்தான். அந்த வெக்கை நோய் இன்று உலகத்திலேயே கிடையாது. 2011-ல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அப்புறம் மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது. என் தாத்தா ஒரே மாதத்தில் ஆறு மாடு பறிகொடுத்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்கு வருகிறேன். அறுப்பது அதில் ஒரு பகுதிதான், ஆனால் அதிலிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது. மாட்டை இடப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்க்க வேண்டும். அதன் பெரிய வயிறு இடது பக்கம். அது மேலே இருந்தால் வேறு எதையும் பார்க்க விடாது. குதிரை என்றால் வலப்பக்கம் கீழே. பரீட்சையில் இதை மாற்றி எழுதியவர்கள் உண்டு, மார்க் போனதோடு சரி. போஸ்ட்மார்ட்டம் ஹாலில் மாற்றிப் போட்டுவிட்டால் நானூறு கிலோவை மறுபடி புரட்ட வேண்டும்.

பெங்களூர்த் தெரு மாடு என்றால் வயிற்றைத் திறக்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். தீனி நிறைந்த வயிறு அழுத்தினால் மாவு போலக் குழியும். இது மூட்டை போல நிற்கும். பால் கவர், சாம்பார் கட்டிய கவர், தென்னங்கயிறு, ஒரு முறை ஜிப்போடு முழுசாக ஒரு சாப்பாட்டுப் பை. எல்லாம் சேர்ந்து பாய் முடைந்தது மாதிரி பின்னிக் கிடக்கும். ஒரு பசுவிலிருந்து எடுத்ததைத் தராசில் வைத்தோம்: 32 கிலோ. பசு எலும்பும் தோலுமாக இருந்தது.

5 ஜூன், இரவு 10.05

நாற்றம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பழகிவிடும். நமக்குத்தான் பழகும், பக்கத்தில் உட்காருகிறவருக்கு அல்ல. அந்தக் காலத்து பி.டி.எஸ். டவுன் பஸ்ஸில் மாலை ஆறு மணிக்கு எனக்கு மட்டும் இரண்டு சீட். குளித்து, தலைக்குச் சீயக்காய் போட்டு, துணி மாற்றினாலும் உறுப்புகளைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் வாடை முடியில் நிற்கும். என் வீட்டுக்காரர் பத்து வருடம் சகித்துக்கொண்டு, பதினொன்றாம் வருடம் "இன்னிக்கு என்ன, கோழியா?" என்று வாசலிலேயே கேட்க ஆரம்பித்தார். பெரும்பாலும் சரியாகச் சொல்லுவார்.

அதைவிட மோசம் எங்கள் பாடப்புத்தகத்து உவமைகள். இந்தப் படிப்பை உண்டாக்கியவர்கள் எல்லோரும் பசியோடு உட்கார்ந்து எழுதினார்கள் போலிருக்கிறது. இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கிய கல்லீரலுக்கு ஜாதிக்காய் ஈரல் என்று பெயர். வெட்டிப் பார்த்தால் ஜாதிக்காயை நறுக்கியது போலவே சிவப்பும் வெளுப்புமாக இருக்கும். ஒரு வகைப் புரதம் படிந்த மண்ணீரல், அதாவது கறிக்கடையில் சுவரொட்டி என்கிறோமே அது, ஜவ்வரிசி மண்ணீரல். செத்த பிறகு உறைந்த ரத்தம் கோழிக் கொழுப்பு மாதிரி. மாடு கம்பியை முழுங்கி, அது தேன்கூடு மாதிரி இருக்கிற இரண்டாம் வயிற்றிலிருந்து உதரவிதானத்தைத் துளைத்து இதயத்தின் உறைக்குள் போனால், இதயத்தைச் சுற்றிச் சொரசொரவென்று படிவு வரும். அதன் பெயர் வெண்ணெய் தடவிய ரொட்டி. இரண்டு ரொட்டித் துண்டை ஒட்டிப் பிரித்தால் வருமே, அந்த மேற்பரப்பு. தின்னும் சாமான் இல்லாத ஒரே அழகான பெயர் புலி இதயம். கோமாரியில் செத்த கன்றுக்குட்டியின் இதயத்தில் வரிவரியாகத் தெரிவது. கோமாரி பெரிய மாட்டைக் கொல்வது அபூர்வம், கன்றைத்தான் இதயத்தில் அடிக்கும்.

என் மாமியார் ஒரு தடவை பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கும் உங்க புஸ்தகத்தில பேர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.

8 ஜூன், பிற்பகல் 3.20

கத்தியை எப்போது எடுக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். 1995-ல் எனக்கு அது நடந்தது. நகரத்துக்கு வடக்கே, ஊர் வேண்டாம். விமான நிலையம் வருவதற்கு ரொம்ப முந்தி, எல்லாம் ராகி வயல். ஒரு எருது ராத்திரி நன்றாகத் தின்றது, காலையில் செத்துக் கிடந்தது. நான் புதிது, வேகம். ஏப்ரன் கட்டி, கத்தியைத் தீட்டி, குனிந்துவிட்டேன். எங்களோடு வந்திருந்த ஹால் அட்டெண்டர், பள்ளிக்கூடம் போகாத மனிதர், என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஒரு பெண் டாக்டரின் கையை அவர் தொட்டது அதுதான் முதலும் கடைசியும். "அம்மா, மூக்கைப் பாருங்க." மூக்கிலும் ஆசனவாயிலும் தார் போலக் கருப்பு ரத்தம். செத்து ஆறு மணி நேரமாகியும் உறையவில்லை. உடம்பு விறைக்கவும் இல்லை.

அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். அறுத்திருந்தால் ரத்தத்தில் இருக்கிற கிருமிக்குக் காற்று கிடைத்து விதையாக மாறிவிடும். அந்த விதை மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். அந்த வயலில் மேய்கிற பேரன் காலத்து மாட்டையும் கொல்லும். காது நரம்பில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தேய்த்தோம். ஆய்வகத்தில் மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டுப் பார்த்தால், முனை சதுரமாக வெட்டின நீலக் குச்சிகள் ரயில் பெட்டி போல வரிசையாக, ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு புகை. இன்று கண்ணை மூடினாலும் தெரியும். எருதை முழுசாக ஆறடிக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். மிச்ச மாடுகளுக்குத் தடுப்பூசி. தோலுக்கு நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு சண்டை.

என் வாழ்க்கையில் பெரிய தப்பு செய்ய இருந்தது அந்த ஒரு முறைதான்.

9 ஜூன், காலை 7.00

ஒரு நாமக்கல்காரர் கேட்கிறார், அட்டெண்டர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று. அவர் நூற்றுக்கணக்கான உடம்பு பார்த்தவர், நான் அப்போது நாற்பது பார்த்திருப்பேன். அவ்வளவுதான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

12 ஜூன், இரவு 9.50

மரியாதை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு சம்பவம் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் கத்திகளைச் சிவாஜிநகரில் சாணை பிடிக்கிற ஒரு பாய்க்கிட்டேதான் கொடுப்பேன். ஒரு நாள் ஏழு கத்தியைப் பார்த்துவிட்டு "கறிக்கடையா அம்மா?" என்றார். "ஆமாம் பாய், ஆனால் விற்கிறதில்லை" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அன்றைக்குப் பாதிக் காசுதான் வாங்கினார். வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

இன்னொன்று: மாட்டு இன்ஷூரன்ஸ். காதில் டேக் இல்லையென்றால் க்ளெய்ம் இல்லை என்பது விதி. அதனால் மாடு செத்தால் சிலர் டேக்கோடு காதை அறுத்து எடுத்துக்கொண்டு, மாட்டைப் புதைத்துவிட்டு வருவார்கள். ஒருவர் பிளாஸ்டிக் கவரில் ஒரு காது கொண்டுவந்து வைத்து, போஸ்ட்மார்ட்டம் சர்டிஃபிகேட் கேட்டார். காது எதனால் செத்தது என்று நான் எப்படிச் சொல்வது? "உங்களுக்குத் தெரியாததா டாக்டரம்மா" என்றார். நான் வாங்கியதிலேயே பெரிய மரியாதை அது.

15 ஜூன், இரவு 11.10

நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், தலைப்பை விட்டு விலகினாலும் பரவாயில்லை. செத்த நாயை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். கீழே காய்கறி வைக்கிற குளிர் போதும், அல்லது சுற்றிலும் ஐஸ் பை. உறைய வைத்தால் செல்லுக்குள் இருக்கிற தண்ணீர் ஊசி ஊசியாகப் பனிக்கட்டியாகி செல்லைக் கிழித்துவிடும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மழையில் நனைந்த செய்தித்தாள்தான். பயாப்சி என்றாலும் அப்படியே: துண்டு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம், அதைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். ஊறுகாய் ஜாடியில் முழு மண்ணீரலைத் திணித்து அனுப்புகிற கிளினிக்குகளை எனக்குத் தெரியும். வாய் சின்ன ஜாடி வேறு. ஃபார்மலினில் தசை விறைத்துவிடும்; போனது திரும்பி வராது. ஜாடியை உடைத்துத்தான் எடுத்தோம்.

19 ஜூன், காலை 8.15

விஷ வழக்குகள் பற்றி ஒருவர் கேட்டார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே ராத்திரியில் ஏழு தெருநாய் செத்தது. அந்த மாதிரி வந்தால் இரைப்பையில் இருப்பது, கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் உப்புக் கரைசலில், இனி கரையாது என்கிற அளவு உப்பு போட்டு, முத்திரை வைத்து போலீஸ் மூலமாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் வழக்கு போச்சு, விஷத்தைத் தேட முடியாது. புதிதாக வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் செய்கிற தப்பு.

சட்டம் இ.பி.கோ. 428, 429. முதலாவது பத்து ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மிருகத்துக்கு. இரண்டாவது மாடு, குதிரை, யானை போன்றவற்றுக்கும், ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மற்றவற்றுக்கும். சாட்சிக் கூண்டில் என்னிடம் "இந்தத் தெருநாயின் சந்தை விலை என்ன?" என்று கேட்டார்கள். சிரிக்கக் கூடாத இடம் அது.

2 ஜூலை, காலை 9.00

மேலே எழுதிய சட்டம் நேற்றோடு மாறிவிட்டது. இனி பாரதிய நியாய சன்ஹிதா 325. பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் கணக்கெல்லாம் போயிற்று, எந்த மிருகமானாலும் ஒன்றே. ஐந்து வருடம்வரை சிறை. அந்த வக்கீல் இதைப் பார்க்க வேண்டும்.

14 ஜூலை, இரவு 10.30

"பி.சி.ஆர். வந்த பிறகு மைக்ராஸ்கோப் எதற்கு? இன்னும் ஐந்து வருடத்தில் ஏ.ஐ. ஸ்லைடு பார்த்துவிடும்" என்று ஒரு ஐ.டி. தம்பி எழுதியிருக்கிறார். ஏ.ஐ. வரட்டும் தம்பி, செல் எண்ணுகிற வேலையை இன்றைக்கே எடுத்துக்கொள்ளட்டும், என் கழுத்து வலி குறையும். பி.சி.ஆர். விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். நீ எந்த நோயைக் கேட்கிறாயோ அதற்குத்தான் அது ஆம், இல்லை சொல்லும். கேட்காத கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

1999-ல் நியூயார்க்கில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல். ரத்தத்தைச் சோதித்து செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அரசு அறிவித்துவிட்டது. அதே சமயம் ஊரில் காக்கைகள் விழுந்து செத்துக்கொண்டிருந்தன. பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ட்ரேசி மெக்நமாரா என்று ஒரு கால்நடை பேத்தாலஜிஸ்ட். அங்கே பூநாரை, நீர்க்காகம் எல்லாம் சாகின்றன. அறுத்துப் பார்த்தால் மூளையில் வீக்கம், இதயத்தில் சேதம். செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லை. குதிரைகளுக்கு வருகிற இன்னொரு மூளைக்காய்ச்சல் என்றால் ஈமு முதலில் செத்திருக்க வேண்டும், அவரிடம் ஈமு குத்துக்கல் மாதிரி நிற்கிறது. அப்படியென்றால் இது வேறு ஏதோ என்று அந்த அம்மாள் விடாமல் கதவைத் தட்டினார். கடைசியில் வெஸ்ட் நைல் வைரஸ். அமெரிக்கக் கண்டத்தில் முதல் தடவை. செத்த காக்கையும் சாகாத ஈமுவும் சேர்ந்து சொன்ன பதில்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் கர்நாடகாவிலேயே 1957-ல் சிவமொக்கா பக்கம் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே மனிதர்களுக்குக் காய்ச்சல். உண்ணி பரப்புகிற அந்த நோய்க்கு அந்தக் காட்டின் பெயர்தான் இன்றும். இப்போதும் மலநாட்டில் செத்த குரங்கைப் பார்த்தால் தகவல் சொல்லச் சொல்லுகிறார்கள்.

21 ஜூலை, இரவு 11.55

ஜூன் 4 குறிப்பில் "விரும்பித்தான் எடுத்தேன்" என்று எழுதியிருந்தேன். ஒன்றரை மாதமாக உறுத்துகிறது. அல்சூர்க்காரர் தன் மகள் விஷயத்தில் முடிவெடுக்கிறார், அவரிடம் போய் இப்படிச் சொல்லலாமா.

உண்மை இது. எனக்கு சர்ஜரி வேண்டும் என்றிருந்தது. என் முறை வருவதற்குள் சர்ஜரி, மெடிசின், கைனகாலஜி மூன்றிலும் இடம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்ததில் பேத்தாலஜிக்கு விரலை நீட்டினேன். விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். முதல் ஆறு மாதம் ஸ்லைடில் ரோஜா நிறமும் ஊதாவும் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு எருமையின் சிறுமூளை வந்தது. கேஸ் சீட்டில் "தொண்டையில் அடைப்பு, தண்ணீர் இறங்கவில்லை" என்று எழுதியிருந்தது. பெரிய நரம்புச் செல்லுக்குள் மாதுளை முத்து நிறத்தில் சின்னச் சின்ன உருண்டை. நெக்ரி பாடி, 1903-ல் நெக்ரி என்ற இத்தாலியர் கண்டது. வெறிநோய். வெறிபிடித்த மாடு கடிக்க ஓடி வரும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது எச்சில் ஒழுக நிற்கும், முழுங்க முடியாது, தொண்டையில் எதுவோ சிக்கியது போலவே இருக்கும். வீட்டுக்காரர் கையை உள்ளே விட்டுத் தேடுவார்.

எனக்குப் பத்து வயதில் எங்கள் சித்தப்பா அப்படித்தான் ஒரு பசுவின் வாய்க்குள் முழங்கைவரை விட்டுத் தேடினார். "தேங்காய் மட்டையா இருக்கும்" என்றார். பசு மூன்றாம் நாள் செத்தது. யாரும் அறுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. சித்தப்பா இன்றைக்கும் இருக்கிறார், எண்பத்திரண்டு வயது. அது வெறிநோய் இல்லாமலே இருக்கலாம். இல்லை, கையில் கீறல் இல்லாமல் தப்பியிருக்கலாம். அந்த ஸ்லைடைப் பார்த்த ராத்திரி நான் ஊருக்குக் கடிதம் எழுதினேன், "சித்தப்பா கையில் அப்போது புண் இருந்ததா?" என்று. அப்பா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்.

விருப்பம் அதற்குப் பிறகு வந்தது.

இப்போது வெறிநோய்க்கு நெக்ரி பாடியை நம்புவதில்லை, பல சமயம் அது இருக்காது. மூளையை ஸ்லைடில் ஒற்றி, ஒளிரும் ஆன்டிபாடி போட்டு, விசேஷ விளக்கில் பார்ப்போம். இருட்டில் பச்சை ஆப்பிள் நிறத்தில் தூசு தூசாக ஜொலிக்கும். அழகாக இருக்கும், சொல்லக் கூடாது. உடனே போனை எடுத்து, அந்த மாட்டின் வாயில் கைவிட்ட ஒவ்வொருவரையும் ஊசிக்கு அனுப்ப வேண்டும். ஒரு முறை பதினேழு பேர். அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

4 ஆகஸ்ட், மாலை 5.30

சம்பளம். இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

பெங்களூரில் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது, ஆனால் அதிகமும் மாட்டில் இல்லை, எலியில். புது மருந்தோ பூச்சிக்கொல்லியோ மனிதனிடம் வருமுன் எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு உறுப்பையும் ஒரு பேத்தாலஜிஸ்ட் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2011-லிருந்து இங்கே முறைப்படி நடக்கிற ஆய்வை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் அடங்கிய ஓ.இ.சி.டி. நாடுகள் அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. நான் 2006-லேயே ஒரு கம்பெனிக்குப் போய்விட்டேன்; சம்பளம் இரண்டரை மடங்கு. வீட்டுக் கடன், பையன் படிப்பு, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

புற்றுநோய் வருமா என்று பார்க்கிற இரண்டு வருட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் குறைந்தது ஐம்பது ஆண், ஐம்பது பெண். மருந்தே இல்லாத குழு ஒன்று, மூன்று அளவுகளில் மருந்து கொடுத்த குழு மூன்று. நானூறு எலி, எலிக்கு நாற்பது உறுப்பு. பதினாறாயிரம். அதில் முக்கால்வாசியில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று பதிவு செய்துகொண்டே போகையில், ஒன்று இருக்கிற ஸ்லைடில் கண் தூங்கிவிடக் கூடாது. ஐந்து வருடம் அதைச் செய்தேன். நாற்றம் இல்லை, ஏ.சி., நல்ல காபி. சலிப்பு மட்டும் நிஜம். ஆனால் அதை மட்டமாகச் சொல்லமாட்டேன், ஏன் என்றால் கழுகு.

பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தவை. தொண்ணூறுகளில் காணாமல் போயின. ஏதோ வைரஸ் என்று எல்லோரும் தேடினார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவர் குழுவும் பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்து அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே கல்லீரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. கோழி பார்க்கிற எவருக்கும் அது தெரியும்: சிறுநீரகம் செயலிழந்து யூரிக் அமிலம் படிந்தது. கழுகுக்கு அப்படி ஏன்? அது தின்கிற மாட்டில் என்ன இருக்கிறது? மாட்டுக்கு வலிக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக். 2004-ல் வெளியிட்டார்கள், 2006-ல் இந்தியாவில் மாட்டுக்கான அந்த மருந்தின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதே ஊசியை நாங்களும் ஃபீல்டில் ஆயிரக்கணக்கில் போட்டவர்கள்தான். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, நல்ல மருந்து என்றே சொல்லிக்கொடுத்தார்கள்.

பையனோடு ராமநகரம் போனபோது பாறை உச்சியில் வெள்ளையாக எச்சம் வழிந்த இடங்களைக் காட்டினேன். 2012-ல் அதைக் கழுகுச் சரணாலயமாக அறிவித்தார்கள். கழுகைக் கண்டது இரண்டு முறை. எச்சத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

18 ஆகஸ்ட், இரவு 1.10

"பெரிய தப்பு செய்ய இருந்தது அந்த ஒரு முறைதான்" என்று ஜூன் 8-ல் எழுதியதையும் திருத்த வேண்டும். அடைப்பான் கதை சொல்ல நன்றாக இருக்கும், நான் தப்பித்த கதை. தப்பிக்காத கதை இது.

1998. மர்ஃபி டவுனில் ஒரு ஓய்வு பெற்ற ஃபிட்டர், தமிழர், அவருடைய பாக்ஸர் நாய். மூன்று வயது. தொடையில் சுண்டைக்காய் அளவு கட்டி. வட்ட வட்டச் செல்கள். இளம் நாய்க்கு வருகிற, தானே கரைந்துபோகிற சாதுவான கட்டி ஒன்று உண்டு, அப்படித்தான் இருந்தது. மாஸ்ட் செல் புற்றும் வட்டச் செல்தான். பாக்ஸருக்கு அது அதிகம் வரும். அதன் உள்ளே இருக்கிற மணிகளை டொலுயிடின் ப்ளூ சாயம் போட்டால் ஊதாவாகக் காட்டிக்கொடுத்துவிடும். சாயம் தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, வாங்கித் தரச் சொல்லி இன்டென்ட் போட்டிருந்தோம். காத்திருந்திருக்கலாம். "சிறப்புச் சாயம் தேவை" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். சாதுக் கட்டி, கவலையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என் பையனுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அது காரணம் அல்ல, ஆனால் நினைவில் இருக்கிறது.

நாலு மாதம் கழித்து அடித்தொடையில் எலுமிச்சை அளவு நெறிகட்டியோடு வந்தது. கட்டியை மெழுகில் பதித்து வைத்த பழைய பிளாக்கை எடுத்துப் புதிதாக வெட்டிச் சாயம் போட்டேன். அரிதாகத்தான் இருந்தன மணிகள், ஆனால் இருந்தன.

அவரிடம் நானே சொன்னேன். "நீங்க ஒண்ணுமில்லேன்னு எழுதினீங்களேன்னு நாலு மாசம் நிம்மதியா இருந்தோம்மா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, நன்றி சொல்கிற குரலில் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு என் ரிப்போர்ட்டில் "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்கிற வரி அடிக்கடி வரும். கிளினிக் வைத்திருக்கிறவர்களுக்குப் பிடிக்காது. ஒருவர் "இதைச் சொல்ல உங்களுக்கு எதற்கு மேடம் ஃபீஸ்?" என்றே கேட்டார். அந்த ஸ்லைடு இரண்டும் என் டிராயரில் இருக்கின்றன.

19 ஆகஸ்ட், காலை 7.20

நேற்று எழுதியதற்கு ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம். வேறு பேச்சுக்குப் போவோம். தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் வருகிற கட்டியைப் பார்த்திருப்பீர்கள், காலிஃப்ளவர் போல. மற்றப் புற்றெல்லாம் அநேகமாக அந்தந்த உடம்போடு சாகும். இது இணை சேரும்போது நாயிலிருந்து நாய்க்குச் செல்லாகவே ஒட்டிப் போகிறது. பல ஆயிரம் வருடத்துக்கு முன் செத்த ஏதோ ஒரு நாயின் செல், இன்று அல்சூர் ஏரிக்கரை நாயில் உயிரோடு. நாய்க்கு 78 குரோமோசோம், அந்தக் கட்டிக்கு ஏறக்குறைய அறுபதுதான். வின்கிரிஸ்டின் ஊசி சில வாரம் போட்டால் பெரும்பாலும் போய்விடும். அந்த முதல் நாய் எந்த ஊரோ.

1 செப்டம்பர், இரவு 9.30. அல்சூர் அப்பா

மகள் சேர்ந்துவிட்டாள் மேடம். உங்கள் பையன் காய்ச்சல் விஷயத்தை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, சரி போகட்டும் என்றாள். மகளுக்கு உங்களை ஒருமுறை வந்து பார்க்க வேண்டுமாம்.

9 செப்டம்பர், இரவு 8.45

நேற்று வந்துவிட்டுப் போனாள். என் மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மாதிரித் தலை உண்டு. நாலைந்து ஸ்லைடு காட்டினேன், நன்றாகவே பார்க்கிறாள். கடைசியில் மர்ஃபி டவுன் முதல் ஸ்லைடை, எது என்று சொல்லாமல் வைத்தேன். பத்து நிமிடம் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "சாதுக் கட்டிதான் ஆன்ட்டி" என்றாள். எனக்கு உள்ளே ஒரு ஆறுதல் வந்தது. ஒரு சின்னப் பெண் தப்புச் சொன்னதில் ஆறுதலா என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் போயிற்று. இரண்டாவது ஸ்லைடை வைத்தேன். ஊதா மணிகளைப் பார்த்ததும் அவள் பேசவில்லை. காபி ஆறிவிட்டது, வேறு போட்டுக் கொடுத்தேன்.

அவள் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு நன்றாக இருந்தது. டப்பா என்னிடம் இருக்கிறது.

சார், இரண்டு விஷயம். ஹாலுக்குள் போகும் முன் வெறிநோய்க்கு முன்தடுப்பு ஊசி மூன்றும் முடித்தாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டு. பி.வி.எஸ்ஸி.யில் போட்டது என்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று கம்பூட்ஸ். காலுக்குச் சரியான அளவில் வாங்காதீர்கள், ஒரு நம்பர் பெரிதாக. உள்ளே இரண்டு சாக்ஸ் போட வேண்டியிருக்கும், டிசம்பரில் அந்தத் தரை அவ்வளவு சில்லென்று இருக்கும்.